பின் சீட்டில் மாமா

அந்த வீட்டின் பால்கனிக் கதவு சரியாகச் சாத்தாது. அடியில் ஒரு விரற்கடை இடைவெளி எப்போதும் இருக்கும். அதன் வழியே காற்று வரும், தூசி வரும், சில நாள் பேச்சும் வரும்.

போன வாரம் பேச்சு வந்தது. நாத்தனார் தன் அப்பாவைப் பால்கனிக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளின் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது.

"எத்தனை நாளைக்குப்பா அண்ணி உங்களோடயே உக்காந்திருப்பாங்க? அவங்களுக்கு வயசு இருக்கு. அவங்க அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். நீங்க என்கூட வந்துடுங்க. இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்."

"எப்படிம்மா அவகிட்ட சொல்றது?"

"வீட்டுல வச்சுச் சொல்லாதீங்க. எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போய்ச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

கதவைத் திறந்துகொண்டு வந்ததும் அப்பாவும் மகளும் ஜன்னல் திரையைப் பற்றி அக்கறையாகப் பேச ஆரம்பித்தார்கள். திரை துவைத்து நாளாயிற்று என்று மருமகளும் சொன்னாள். மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, கணவன் போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. அவன் விளையாட்டு வாத்தியார். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓடிக் காட்டிக்கொண்டிருந்தவன், மூச்சு வாங்குகிறது என்று புல்லில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர். ஒரு அறையில் மாமா, ஒரு அறையில் மருமகள், நடுவில் கூடம். காலையில் அவள் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள். ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. சாயங்காலம் வருவாள்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு."

அந்த வீட்டின் ஒரு நாள் பேச்சு இவ்வளவுதான். ஆனால் இதுவும் இல்லாவிட்டால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. அண்ணன் நல்லவன். அவன் வீட்டில் ஒரு கட்டில் போட இடம் கிடைக்கும். 'ஆச்சா?' என்று கேட்க அங்கே ஆள் இருக்காது. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மாமா நேர்காணலுக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் நின்றார். கையில் இரண்டு அட்டைகள்.

"பாப்பா அனுப்பியிருக்காம்மா. ஒரு நாள் பூரா ரயில்ல எங்க வேணா ஏறலாம், எங்க வேணா இறங்கலாமாம். ஸ்டேஷன் வாசல்ல கரண்ட்டு வண்டி நிக்குமாம், அதையும் எடுத்து ஓட்டலாமாம். ஊரைச் சுத்திட்டு சாயங்காலம் அவ வீட்டுக்கு டீ குடிக்க வரச் சொல்றா."

நாத்தனாருக்குக் கல்யாணமாகிக் குடித்தனம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இந்த வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான்.

"போகலாம் மாமா," என்றாள் மருமகள்.

என்ன சொல்லப் போகிறார் என்பது தெரிந்துவிட்டது. எந்த இடத்தில் வைத்துச் சொல்வார் என்பதுதான் பாக்கி.

*

அது மேம்பாலத்தின் மேல் ஓடுகிற ரயில். ஜன்னலுக்கு வெளியே வீடுகளின் முதுகுப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. காயப்போட்ட போர்வைகள், ஏ.சி. பெட்டிகள், பல் தேய்த்துக்கொண்டு நின்ற ஒரு பனியன்காரர்.

மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதோ, அந்த நீலக் கண்ணாடிக் கட்டடம் தெரியுதா? அதுல ரெண்டாவது லிஃப்ட் சரியான முசுடு. ஏழாவது மாடியில நின்னுக்கிட்டு இறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கும். கொஞ்சிக் கொஞ்சித்தான் இறக்கணும்."

"பெரிய கட்டடமா மாமா?" கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? பின்வாசல் வழியா உள்ள போவேன், லிஃப்ட் ஓடுற பொந்துக்குள்ள இறங்குவேன், வேலை முடிஞ்சா பின்வாசல் வழியா வெளிய வருவேன். இந்த ஊர்ல உசரமான கட்டடத்துல பாதிக்கு வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒண்ணோட மூஞ்சியும் தெரியாது."

"அப்போ மூஞ்சியைப் பார்த்துட்டு வருவோம்."

அவள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மாமாவோ அதைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த ஸ்டேஷனில் இருவரும் இறங்கினார்கள்.

நீலக் கட்டடத்தின் முன்னால் நின்று மாமா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

"இதுவா? இவ்வளவு அசிங்கமா இருக்கே! இதுக்கா நான் ராப்பகலா உழைச்சேன்?"

வாசல் காவலாளி எழுந்து வந்தார். "என்ன பெரியவரே, யாரைப் பார்க்கணும்?"

"உங்க ரெண்டாவது லிஃப்டைப் பார்க்கணும். சவுக்கியமா இருக்கா?"

காவலாளி சிரித்தார். "அதைத் தூக்கிட்டாங்களே சார். புதுசு போட்டாச்சு."

"தூக்கிட்டாங்களா? எப்போ?"

"அது ஆச்சு, போன வருஷமே."

"எனக்கு யாரும் சொல்லவே இல்லையே," என்றார் மாமா. அண்ணாந்து ஏழாவது மாடியை எண்ணிப் பார்த்தார். காவலாளிக்கு என்ன தோன்றியதோ, தன் நாற்காலியைக் கொண்டு வந்து நிழலில் போட்டார். "உக்காருங்க சார். வெயில் ஏறுது."

மாமா உட்கார்ந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா..."

இங்கேதானா, என்று அவள் நினைத்துக்கொண்டாள். "சொல்லுங்க மாமா."

"வந்து... தண்ணி இருக்கா?"

அவள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

*

மின்பைக் நிலையத்தில் சாவி கொடுத்த பெண் சூயிங்கம் மென்றுகொண்டே கேட்டாள். "பின்னாடி உக்கார்றவர் வெயிட் எவ்வளவு?"

"சாப்பாட்டுக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா?" என்றார் மாமா.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓட்டலாம், போங்க," என்று ஹெல்மெட்டை நீட்டினாள். அது மாமாவின் தலையில் பாதிதான் இறங்கியது.

வண்டியை ஓட்டியது மருமகள். மாமா பின்னால் ஏறினார். எதைப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குப் பெரிய குழப்பம். கடைசியில் சாப்பாட்டுப் பையைத் தனக்கும் மருமகளுக்கும் நடுவில் மரியாதையாக நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் பின்கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணும்மா."

"பண்ணியாச்சு மாமா. போய்க்கிட்டிருக்கோம்."

"அட! சத்தமே இல்லையே!"

ரயிலில் முதுகைக் காட்டிய ஊர், வண்டியில் போகும்போது முகத்தைக் காட்டியது. விளக்குக் கூடு விற்கிற தெருவில் பகலிலேயே எல்லா விளக்கும் எரிந்தது. அடுத்த தெருவில் பழைய நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் காலுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சந்தில் வண்டியும் எதிரே வந்த ஒரு குண்டுப் பூனையும் யார் முதலில் வழிவிடுவது என்று பார்த்துக்கொண்டு நின்றன. பூனைதான் ஜெயித்தது.

"பார்த்தியாம்மா, பூனையை?"

"பார்த்தேன் மாமா."

"அதோ பார், குளம்!"

"பார்த்தேன்."

உண்மையில் எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுடைய வேலையே பார்வையைத் தெளிவாக்குவதுதான். ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது. கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொருளைப் பார்ப்பது மாதிரி.

குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். மாமாவின் போன் அடித்தது. அவர் காதுக்குத் தகுந்த சத்தத்தில் வைத்திருப்பார் என்பதால், பாப்பா பேசுவது குளத்து வாத்துகளுக்கே கேட்டது.

"அப்பா, வீட்டுக்கு வர வேண்டாம். நான் கடைசி ஸ்டேஷனுக்கே வந்துடறேன். அங்க பார்த்துக்கலாம்."

"ஏம்மா? டீ குடிக்க வரச் சொன்னியே."

"வந்து சொல்றேன். அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா?"

மாமா ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தார். அவள் வாத்துகளை எண்ணுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதோ... சொல்லிக்கிட்டே இருக்கேன்," என்று போனை வைத்தார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். மாமாவின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அவள் கையால் பொருத்திக் கொடுத்த கண்ணாடி அது.

"இது எப்போலருந்து மாமா கோணலா இருக்கு?"

"இருக்கும் கொஞ்ச நாளா. ஸ்க்ரூ கழண்டிருக்கு போல."

"சொல்லியிருக்கலாமே. கடையில ஊர்ல இருக்கிறவங்க கண்ணாடியெல்லாம் நான்தானே சரி பண்றேன்."

"நீயே சுரத்தில்லாம வர்றே. உன்கிட்ட போய் ஸ்க்ரூ, கிருன்னு..."

அவள் கைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கண்ணாடியை அவர் முகத்திலிருந்து கழற்றி, திருகாணியை முறுக்கினாள். காதுக் கம்பியைக் கட்டை விரலால் இதமாக வளைத்தாள். துப்பட்டாவின் நுனியால் துடைத்து மறுபடியும் மாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கடையில் செய்கிற மாதிரி நேருக்கு நேர் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் மாமாவின் கண்ணை அவள் பார்க்கிறாள். அவர் ரொம்ப இளைத்திருந்தார்.

ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று இன்னொரு நாளாக இருந்தால் மனசு அடித்துக்கொண்டிருக்கும். இன்றைக்கு அது ஒரு தகவல் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது.

*

பாதி பேட்டரி இருக்கிறது என்று காட்டிய வண்டி, ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் மூச்சை விட்டது. வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஸ்டேஷன் பாலத்துக்கு அந்தப் பக்கம். மருமகள் இறங்கித் தள்ளினாள். மாமாவும் பின்னாலிருந்து தள்ளினார். வண்டியைத் தள்ளினாரா, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாரா என்பது சொல்வதற்கில்லை. லாரிகள் உரசிக்கொண்டு போயின.

கடவுள் பெரிய அற்புதங்களை எப்போதோதான் நடத்துகிறார். சின்ன உதவிகளைத் தினமும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அனுப்புவதும் பெரும்பாலும் அவசரமாகப் போகிறவர்கள் கையில்தான். முதுகில் பெரிய சதுரப் பையோடு பறந்து வந்த ஒரு பெண் சட்டென்று பிரேக் அடித்தாள். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவள். அவளுடையதும் மின்பைக்தான்.

"செத்துப்போச்சா?" என்றாள் வண்டியைக் காட்டி.

"ஆமா."

"ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. ஹேண்டில் பாரை மட்டும் நேரா பிடிங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அவள் தன் வண்டியை ஒட்டிக் கொண்டுவந்து, ஒரு காலை நீட்டி இவர்கள் வண்டியின் கால் வைக்கும் கம்பியில் முட்டுக் கொடுத்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். செத்த வண்டி நகர்ந்தது. அப்புறம் ஓடியது.

"உங்களுக்கு லேட் ஆகாதாம்மா?" மாமா காற்றில் கத்தினார்.

"ஆகும். திட்டுவாங்க. கேட்டுக்கலாம்! அப்பாவும் பொண்ணுமா?"

"நாங்க ஊர் பார்க்கக் கிளம்பினோம்மா! நாங்க இருக்கறது இதே ஊர்தான், ஆனா பார்த்ததே இல்லை!"

முன்னால் உட்கார்ந்திருந்த மருமகள் அதைக் கேட்டுக்கொண்டு ஹேண்டில் பாரை நேராகப் பிடித்திருந்தாள். வெளியாளிடம் சொன்ன அந்த 'நாங்க'வுக்குள் அவளும் இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே சொல்லை அவளைப் பார்த்துச் சொல்லப்போகிறார். 'நாங்க போறோம்மா.' அப்போது அவள் அதற்கு வெளியே நிற்பாள்.

பாலத்தின் இறக்கத்தில் அந்தப் பெண் காலை எடுத்துக்கொண்டாள். ஒரு கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

*

கடைசி ஸ்டேஷனுக்குப் போகிற ரயிலில் கூட்டமில்லை. ஒரு மூலையில் யாரோ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மாமாவும் மருமகளும் எதிர் எதிரே உட்கார்ந்தார்கள். வண்டி வேகமெடுத்ததும் மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க மாமா."

"எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கிறது? அதனால யோசிச்சுப் பார்த்து... வீட்டைக் காலி பண்ணிட்டு, அடுத்த மாசம் நாம பாப்பா வீட்டோட போயிடறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

சொல்லி முடித்துவிட்டு, கஷ்டமான வேலை முடிந்தது என்று மூச்சு விட்டார். என்ன சொன்னோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

மருமகள் அவரைப் பார்த்தாள். கோணலான ஃப்ரேமைப் பார்க்கிற அதே பார்வை.

"'நாம' இல்லை மாமா. 'நாங்க'."

"என்னம்மா?"

"'நாங்க பாப்பா வீட்டோட போயிடறோம், நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போம்மா.' அப்படித்தானே சொல்லணும்? நீங்க 'நாம'ன்னு சொல்லிட்டீங்க."

மாமா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"கேட்டுட்டியா?"

"அந்தக் கதவு சாத்தாது மாமா."

"ஒரு வாரமாவா தெரியும்?"

"ம்."

ரயில் ஒரு வளைவில் திரும்பியது. வெயில் மாமாவின் மடியிலிருந்து அவள் மடிக்கு வந்து, மறுபடியும் அவர் மடிக்குப் போயிற்று.

"ஒரு வாரமா குளிக்கிற ரூம்ல நின்னு சொல்லிப் பார்க்கிறேம்மா," என்றார் மெல்ல. "அங்க நல்லாத்தான் வருது. 'நாங்க போறோம்'. சரியா வருது."

"பரவாயில்லை மாமா. இன்னொரு தடவை சொல்லுங்க. சொல்லிட்டா உங்களுக்கும் பாரம் குறையும்."

கேலியாகவோ குத்தலாகவோ அவள் அதைச் சொல்லவில்லை. வயசானவர் ஒரு வேலையை முடிக்க முடியாமல் திணறுகிறார், கை கொடுக்க வேண்டும். அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"நாங்க..."

அவள் காத்திருந்தாள்.

"அடுத்த மாசம், நாங்க..."

அவர் உதடு அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. தலையை ஆட்டினார். "வரலைம்மா. உன்னைப் பார்த்துக்கிட்டு அது வர மாட்டேங்குது. யாரும்மா அந்த நாங்க? நீ இல்லாம அதுல வேற யாரு இருக்கா எனக்கு?"

"பாப்பா இருக்கா மாமா."

"இருக்கா. எனக்குப் பாப்பா உசுருதான். அவ கூப்பிட்டதுல தப்பும் இல்லை. உனக்கு ஒரு வாழ்க்கை வேணும்னுதான் சொல்றா. ஆனா ராத்திரி நீ ஆச்சான்னு கேக்காம நான் சாப்பிட்டா அது சாப்பிட்ட கணக்கா?"

பல் டாக்டர் போட்ட ஊசியின் மயக்கம் விடும்போது உதட்டோரத்தில் ஓர் இடம் மட்டும் முதலில் குறுகுறுக்கும். அந்த மாதிரி மருமகளுக்கு எங்கேயோ, எது என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் லேசாக என்னவோ செய்தது. அதை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டி, மாமாவின் முழங்காலில் கிடந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

*

கடைசி ஸ்டேஷன். வெளியே போகிற தானியங்கிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். தலை சரியாக வாரியிருக்கவில்லை. அப்பாவைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"சொல்லியாச்சா?"

மாமா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதவின் இந்தப் பக்கமே நின்றார். அவருக்குப் பதிலாக மருமகள் சொன்னாள். "சொன்னார் பாப்பா. ஆனா மாத்திச் சொல்லிட்டார்."

"மாத்தின்னா?"

"'நாங்க போறோம்'னு சொல்றதுக்குப் பதிலா 'நாம போறோம்'னு சொல்லிட்டேம்மா," என்றார் மாமா. தப்புச் செய்த பிள்ளை மாதிரி. "இவ திருத்தினா. அப்பவும் வரலை."

பாப்பா சிரிக்கப் போகிறாள் என்று மருமகள் நினைத்தாள். இல்லை, கோபப்படப் போகிறாள் என்று நினைத்தாள். பாப்பா இரண்டும் செய்யவில்லை. கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நாமல நான் இருக்கேனாப்பா?"

"என்ன கேள்விம்மா இது?"

"கேள்விதான். அண்ணன் போனப்போ எல்லாரும் உங்க வீட்டுக்கு வந்தாங்க. உங்ககிட்ட துக்கம் கேட்டாங்க, அண்ணிகிட்ட கேட்டாங்க. எனக்கும் அவன் அண்ணன்தானே? உங்க ரெண்டு பேருக்கும் 'ஆச்சா'ன்னு கேட்டுக்க ஆள் இருக்கு. நான் ஒவ்வொரு தடவையும் வந்து திரையைப் பத்திப் பேசிட்டு இந்த ரயில்ல திரும்பி வரேன். உங்களை என்கூட வாங்கன்னு கூப்பிட்டது அண்ணிக்காக மட்டும்னு நினைச்சீங்களா?"

மாமாவுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "பெரியவரே, போறீங்களா இல்லையா? வழியை விடுங்க," என்று ஒருவர் அலுத்துக்கொண்டார்.

மருமகள் அட்டையைத் தேய்த்தாள். கதவு திறந்தது. வெளியே போய் நாத்தனாரின் எதிரே நின்றாள். இத்தனை மாதத்தில் இந்தப் பெண்ணிடம் தான் என்ன கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். வாங்க, உட்காருங்க என்று விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசியது ஞாபகம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"பாப்பா, நீ சாப்பிட்டியா?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லை அண்ணி. நேத்துலருந்து."

குனிந்த தலையோடு சேர்ந்து மருமகளின் பார்வையும் கீழே போனது. பாப்பாவின் காலடியில், தூணுக்கு மறைவாக, ஊருக்குப் போகிறவர்கள் கொண்டுபோகிற பெரிய பெட்டி ஒன்று நின்றது. அதன் மேல் வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி, பாலித்தீன் பையில் சுற்றிக் கட்டியிருந்தது.

மாமாவும் ஒருவழியாக வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"என்னம்மா இது? மாப்பிள்ளை எங்கே?"

"இங்க வேண்டாம்பா. அந்த வீட்டுக்கு இனிமே நான் போகலை," என்றாள் பாப்பா.

திரும்பிப் போகிற ரயில் நடைமேடைக்கு வருகிற அறிவிப்பு கேட்டது. யாரும் எதுவும் முடிவு செய்யவில்லை. மருமகள் குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு நாளைக்கு எடுத்துக்கொண்டு வருகிற துணி இல்லை அது. தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. கைப்பிடியை விடாமல், இன்னொரு கையையும் அதற்கே கொடுத்தாள்.